அவர்ர நெல்லை ஆர் விதைச்சது? – ஒரு நெல் விஞ்ஞானியின் தாக்கத்தை எப்படி அளப்பது

போன தைப்பொங்கலுக்குத் தம்பலகாமத்தில் மாமா வீட்டில் நின்றேன். பல்கலைக்கழகத்தில் விவசாயம் படிக்கிற அவருடைய பேரனும் லீவில் வந்திருந்தான். விறாந்தையில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தபோது, நெல்லின் பரம்பரையியலை ஆராய்கிற ஒரு வெளிநாட்டு விஞ்ஞானியின் பக்கத்தைக் கைப்பேசியில் காட்டி, “பாருங்க அப்பப்பா, இவருக்கு இருபதாயிரத்துக்கு மேல மேற்கோள்” என்றான்.

மாமா வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, “இருபதாயிரம் என்டா என்ன, மூட்டையா?” என்று கேட்டார்.

“இல்ல அப்பப்பா. இவர்ர ஆராய்ச்சியை மற்ற ஆக்கள் அத்தனை தரம் எடுத்துச் சொல்லியிருக்கினம்.”

“அது கிடக்கட்டும். அவர்ர நெல்லை ஆர் விதைச்சது?”

பேரனிடம் பதில் இல்லை. நகரத்தில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிற என்னிடமும் அந்த நேரம் நல்ல பதில் இருக்கவில்லை. ஒரு விஞ்ஞானியின் ‘ஆய்வுத் தாக்கம்’ என்ற சொல்லைப் பத்திரிகையில் வாசிக்கிறோம், பட்டமளிப்பு விழாவில் கேட்கிறோம். சிலருக்கு அது மேற்கோள் எண்ணிக்கை. சிலருக்கு அது விருது. இன்னும் சிலர், “உதெல்லாம் பேப்பர் வேலை, வயலுக்கு ஒன்டும் வராது” என்று ஒரேயடியாகத் தள்ளிவிடுவார்கள். மூன்று பேரும் வேறு வேறு பொருளைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்பதுதான் சிக்கல். அன்று மாமாவுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

விதை எங்கே எடுத்தது?

எங்கள் பக்கம் ஒருவரின் வயல் நன்றாக வந்திருந்தால் முதற் கேள்வி, “விதைநெல் எங்க எடுத்தது?” என்பதுதான். “கிளிவெட்டியில இன்னாரிட்ட எடுத்தன்” என்று பதில் வரும். பத்துப் பேர் ஒரே ஆளின் பெயரைச் சொன்னால் அந்த ஆளின் விதைக்கு மதிப்புக் கூடுகிறது.

ஆராய்ச்சிக் கட்டுரையிலும் இதே வழக்கம் உண்டு. ஒருவர் எழுதும்போது, தன் வேலை யார் யாருடைய முந்திய வேலையின் மேல் நிற்கிறது என்று சொல்ல வேண்டும். அப்படி ஒரு தடவை பெயர் சொன்னால் அது ஒரு மேற்கோள். இருபதாயிரம் மேற்கோள் என்றால் வேறு கட்டுரைகள் அத்தனை தடவை “இவரிடம் எடுத்தோம்” என்று சொல்லியிருக்கின்றன.

இந்தக் கணக்கில் சில ஓட்டைகள் உள்ளன. “கிளிவெட்டியில எடுத்தன், பாதி முளைக்கேல்ல” என்று ஒருவர் சொன்னாலும் பெயர் சொன்னதாகத்தான் ஆகும். மேற்கோளை எண்ணும் கணினிக்குப் பாராட்டும் முறைப்பாடும் ஒன்றுதான். அடுத்தது, எத்தனை பேர் அந்தத் துறையில் எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். நெல்லை ஆராய்கிறவர்கள் சீனா, யப்பான், இந்தியா, அமெரிக்கா என்று நிறைந்து கிடக்கிறார்கள். குரக்கனை ஆராய்கிறவர்கள் கொஞ்சம். அதே அளவு கெட்டிக்காரர் குரக்கனில் வேலை செய்தால் மேற்கோள் குறைவாகத்தான் வரும். அதற்காக அவர் சின்ன ஆள் ஆகிவிட மாட்டார்.

இதை எண்ணத் தொடங்கியவரின் நோக்கமே வேறு. அமெரிக்காவின் யூஜின் கார்பீல்ட் 1964இல் அறிவியல் மேற்கோள் சுட்டி என்ற பெரிய அட்டவணையை வெளியிட்டார். ஒரு கட்டுரையைப் பிடித்தால் அதோடு தொடர்புள்ள மற்றக் கட்டுரைகளைத் தேடி எடுக்க உதவும் நூலகக் கருவி அது. பிறகுதான் அதையே ஆட்களை அளக்கும் கோலாகவும் ஆக்கிக்கொண்டார்கள்.

தென்னையும் எச்-சுட்டியும்

மேற்கோளை மொத்தமாகக் கூட்டினால் ஒரே ஒரு பேர்போன கட்டுரை கணக்கைக் குழப்பிவிடும். அதற்கு மருந்தாக, சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியலாளர் ஜோர்ஜ் ஹிர்ஷ் 2005இல் எச்-சுட்டி என்ற ஒன்றைச் சொன்னார். வளவில் நிற்கிற தென்னைகளை வைத்துப் பார்க்கலாம். ஐந்து மரம், காய்கள் முறையே 40, 12, 6, 3, 1. குறைந்தது மூன்று காயாவது உள்ள மூன்று மரங்கள் உண்டு. குறைந்தது நாலு காயாவது உள்ள நாலு மரங்கள் இல்லை. ஆகவே இந்த வளவின் எச்-சுட்டி 3. மரத்துக்குப் பதிலாகக் கட்டுரை, காய்க்குப் பதிலாக மேற்கோள் என்று வைத்துக்கொண்டால் முடிந்தது.

பக்கத்து வளவில் மூன்று மரம். காய்கள் 900, 2, 1. அங்கே எச்-சுட்டி வெறும் 2. தொளாயிரம் காய்த்த மரம் ஊர் முழுக்கச் சோறு போட்டிருந்தாலும் சுட்டிக்கு அது தெரியாது. நெல் ஆராய்ச்சியில் இப்படிப்பட்ட ஒற்றை மரங்கள் உண்மையில் உண்டு. அதனால்தான் இந்த எண்ணை மட்டும் வைத்து ஆளைத் தீர்மானிப்பது எனக்குப் பிடிப்பதில்லை.

இன்னொன்று, ‘தாக்கக் காரணி’ என்று சொல்வார்கள். அது விஞ்ஞானிக்கு உரியதே அல்ல, ஆய்விதழுக்கு உரியது: முந்திய இரண்டு வருடங்களில் வெளிவந்த கட்டுரைகளுக்கு இந்த வருடம் சராசரியாக எத்தனை மேற்கோள் கிடைத்தது என்ற கணக்கு. அந்த ‘இரண்டு வருடம்’ என்பதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னது காகிதத்தின் கணக்கு. மற்ற ஆராய்ச்சியாளர்கள் ஒருவரை எவ்வளவு வாசித்துப் பயன்படுத்துகிறார்கள் என்பதை அது ஓரளவுக்குக் காட்டும். வயலைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

தண்ணீருக்குள் மூச்சடக்கும் நெல்

வயலுக்கு வருவோம். ஒரு நெல் விஞ்ஞானி உண்மையில் எதைக் கண்டுபிடிக்கிறார் என்பதை ஓர் உதாரணத்தோடு பார்த்தால்தான் மிச்சம் விளங்கும். வெள்ளத்தை எடுக்கிறேன். மாரியில் கந்தளாய்க் குளம் வான் பாயும்போது தம்பலகாமத்து ஆட்களுக்கும், மகாவலி பெருகும்போது மூதூர், வெருகல் ஆட்களுக்கும் இதைப் பற்றி யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

நீச்சல் தெரியாத இரண்டு பேர் கிணற்றில் விழுகிறார்கள் என்று வையுங்கள். ஒருவன் கையையும் காலையும் அடித்து மேலே வரப் பார்க்கிறான். கொஞ்ச நேரத்தில் களைத்துப்போகிறான். மற்றவன் உடம்பை ஆட்டாமல், மூச்சை அடக்கிக் கிடந்து, கயிறு வரும்வரை பொறுக்கிறான். நாங்கள் விதைக்கிற நெல்லில் பெரும்பாலானவை முதல் ஆளைப் போல. முழுதாக மூழ்கியதும் தண்ணீருக்கு மேலே தலையைக் காட்ட அவசரமாக நீளத் தொடங்கும். நீளுவதற்குச் சேமித்து வைத்த மாப்பொருளையும் சீனியையும் எரிக்க வேண்டும். வெள்ளம் ஒரு கிழமைக்கு மேல் நின்றால் கையிருப்பு தீர்ந்து பயிர் அழுகிவிடும். தண்ணீர் வடிந்த பிறகு மிஞ்சியதும் நிற்கப் பலமில்லாமல் சாய்ந்து கிடக்கும்.

இந்தியாவின் ஒடிசாவில் எப்.ஆர்.13ஏ என்று பதிவான ஒரு பழைய நெல்லோ இரண்டாவது ஆளைப் போல நடந்துகொண்டது. இரண்டு கிழமையளவு முழுதாக மூழ்கிக் கிடந்தும், தண்ணீர் வடிந்ததும் புதிதாகத் துளிர்த்தது. ஏன் என்ற கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்கப் பல பத்தாண்டுகள் எடுத்தன.

இங்கே ஒரு சொல்லை விளக்க வேண்டும். எங்கள் பாடப்புத்தகத்தில் பரம்பரையலகு என்பதைத் தமிழ்நாட்டில் மரபணு என்கிறார்கள். ஓர் உயிர் எந்தப் புரதத்தை எப்படிச் செய்ய வேண்டும் என்ற கட்டளை எழுதிய டி.என்.ஏ. துண்டு அது. நெல்லில் பன்னிரண்டு சோடி நிறமூர்த்தங்களில் பல பத்தாயிரம் பரம்பரையலகுகள் வரிசையாக இருக்கின்றன.

எல்லாப் பரம்பரையலகும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. சில நேரடியாக வேலை பார்க்கும் கமக்காரர் போல. சில வட்டவிதானை போல: தான் உழமாட்டார், விதைக்கமாட்டார், எந்த வாய்க்காலில் எப்போது துருசு திறப்பது, எப்போது பூட்டுவது என்று தீர்மானிப்பார். எப்.ஆர்.13ஏயைக் காப்பாற்றியது ஒரு வட்டவிதானை. அதன் பெயர் சப்-1ஏ.

அது வேலை செய்யும் விதம் இப்படி. வாழைக்குலையை மூடிப் புகை போட்டுப் பழுக்க வைக்கிறோமே, அங்கே வேலை செய்யும் எதிலீன் என்ற வாயுவை நெற்பயிரும் எப்போதும் கொஞ்சம் வெளிவிடுகிறது. காற்றில் நின்றால் அது பறந்து போய்விடும். தண்ணீருக்குள் போனதும் வெளியேற முடியாமல் பயிருக்குள்ளேயே சேர்கிறது. “மூழ்கிவிட்டோம்” என்ற செய்தி பயிருக்குக் கிடைப்பது இப்படித்தான். சாதாரண நெல்லில் இந்தச் செய்தி வந்ததும் வளர்ச்சி ஓமோனுக்குப் போகும் துருசு முழுதாகத் திறக்கிறது; பயிர் நீளுகிறது. சப்-1ஏ உள்ள நெல்லில் அதே செய்தி வந்ததும் வட்டவிதானை அந்தத் துருசைப் பூட்டச் சொல்கிறார். சீனி மிஞ்சுகிறது, பயிர் பொறுத்துக் கிடக்கிறது.

கெனோங் சூவும் டேவிட் மக்கிலும் இந்தக் குணம் ஒன்பதாவது நிறமூர்த்தத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று 1996இல் காட்டினார்கள். பத்து வருடம் கழித்து, 2006இல், அவர்களும் பமேலா ரொனால்டும் வேறு சிலரும் சேர்ந்து அந்த இடத்திலுள்ள பரம்பரையலகு சப்-1ஏதான் என்று ‘நேச்சர்’ ஆய்விதழில் வெளியிட்டார்கள். மேற்கோள்கள் குவிந்தன. பேரன் பாடப்புத்தகத்தில் படித்ததும் இந்தக் கட்டுரையைத்தான்.

ரொனால்டைப் பற்றி ஒரு பக்கக் கதை. நெல்லின் நோயெதிர்ப்புப் பற்றித் தன் ஆய்வகம் வெளியிட்ட இரண்டு கட்டுரைகளை அவர் 2013இல் தாமாகவே மீளப் பெற்றார். ஆய்வகத்திலிருந்த பக்டீரியா வகைகளில் பெயர் மாறிக் குறிக்கப்பட்டிருந்தது உள்ளிருந்தவர்களே திரும்பச் செய்து பார்த்தபோது தெரியவந்தது. என் கணக்கில் இதுவும் ஒரு தாக்கம்தான். எச்-சுட்டியில் இதற்கு இடமில்லை.

பார்சலில் கட்டிய சிவப்புத் துணி

ஒரு பரம்பரையலகைக் கண்டுபிடித்துக் கட்டுரை எழுதினால் அது வயலுக்கு வந்துவிடாது. எப்.ஆர்.13ஏ வெள்ளத்தைத் தாங்கும், ஆனால் விளைச்சல் குறைவு, சோறும் எல்லாருக்கும் பிடிக்காது. அந்தப் பக்கத்துக் கமக்காரர்கள் விரும்பி விதைத்தது சுவர்ணா என்ற நெல்லினத்தை. ஆகவே சுவர்ணாவை அப்படியே வைத்துக்கொண்டு சப்-1ஏயை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டும்.

முதலில் இரண்டையும் கலக்கிறார்கள். ஒன்றின் மகரந்தத்தை எடுத்து மற்றதன் பூவில் இடுவதுதான் வேலை. பிள்ளையில் பாதி சுவர்ணா, பாதி எப்.ஆர்.13ஏ. அந்தப் பிள்ளையைத் திரும்பவும் சுவர்ணாவோடு கலந்தால் முக்கால் பங்கு சுவர்ணா. இன்னொரு தரம் கலந்தால் எட்டில் ஏழு. இப்படித் தாய்வழிக்கே திரும்பத் திரும்பப் பெண் கொடுப்பது போலச் செய்வதைப் பின்கலப்பு என்கிறார்கள்.

ஒவ்வொரு தலைமுறையிலும் சப்-1ஏ தவறாமல் வந்ததா என்று பார்ப்பதுதான் பாடு. பழைய முறையில் என்றால் கன்றுகளைத் தொட்டியில் மூழ்கடித்து இரண்டு கிழமை காத்திருந்து, எது தப்பியது என்று பார்க்க வேண்டும். இதற்குத்தான் அடையாளக் குறி உதவுகிறது. திருகோணமலையிலிருந்து மூதூருக்குப் பஸ்ஸில் ஒரு பார்சல் அனுப்புகிறீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே தெரியாது. ஆனால் பார்சலில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டால், துணி வந்து சேர்ந்தால் பார்சலும் வந்துவிட்டது. சப்-1ஏக்கு மிகக் கிட்டவாக இருக்கிற, வாசிக்க இலகுவான டி.என்.ஏ. துண்டு அந்தச் சிவப்புத் துணி. கன்று சின்னதாக இருக்கும்போதே ஓர் இலைத்துண்டை நுள்ளி எடுத்துக் குறியைப் பார்த்து, தேவையானதை வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பிடுங்கிவிடலாம். இரண்டு மூன்று பின்கலப்போடு வேலை முடிந்தது. சுவர்ணா-சப்1 என்ற பெயரில் 2009இல் இந்தியாவில் அது வெளியிடப்பட்டது.

இங்கே ஒரு பெரிய மயக்கத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். ‘மரபணு’ என்ற சொல் காதில் விழுந்தாலே “உது மரபணு மாற்றின அரிசி, சாப்பிடக் கூடாது” என்று தொடங்கிவிடுவார்கள். சப்-1ஏ என்ன செய்கிறது என்று உறுதிப்படுத்த ஆய்வுகூடத்தில் அந்த முறையைப் பயன்படுத்தியது உண்மை. கமக்காரர் கைக்கு வந்த சுவர்ணா-சப்1 அப்படி உருவானதல்ல. நெல்லின் பூவில் நெல்லின் மகரந்தத்தை இட்டு, குறியைப் பார்த்துத் தெரிந்தெடுத்த நெல் அது.

சுருக்கிச் சொன்னால்: பரம்பரையலகைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை, அதை விரும்பிய நெல்லினத்துக்குள் கொண்டுபோவது இன்னொரு வேலை. இரண்டாவதைச் செய்பவருக்கு மேற்கோள் குறைவாகத்தான் கிடைக்கும்.

வயலில் எண்ணுவது எப்படி?

விதை வயலுக்குப் போன பிறகுதான் மாமாவின் கேள்வி தொடங்குகிறது. எத்தனை ஏக்கர் விதைத்தார்கள் என்று கேட்பது முதற்படி. குர்தேவ் குஷ் பெயரை இந்த இடத்தில் சொல்லாமல் விட முடியாது. பஞ்சாபில் பிறந்து, பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்தவர். அவருடைய குழுவின் ஐ.ஆர்.36 வெளிவந்தது 1976இல். 1980களில் அது ஏறத்தாழ 11 மில்லியன் ஹெக்டேயரில் நின்றது. 1996இல் உலக உணவுப் பரிசை ஹென்றி பீச்செலும் அவரும் சேர்ந்து பெற்றார்கள்.

ஆனால் ஏக்கர்க் கணக்கும் ஏமாற்றும். புது நெல் விதைத்த வருடம் விளைச்சல் கூடினால் அது நெல்லால் வந்ததா, மழையால் வந்ததா, உரத்தால் வந்ததா? எங்கள் நாட்டிலேயே இதற்கு ஒரு கசப்பான பாடம் கிடைத்தது. 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்கள். அந்தப் பெரும்போகத்தில் மாமா விதைத்தது முந்திய போகத்தில் விதைத்த அதே மூன்றரை மாத நெல். அதே பரம்பரையலகு, அதே வரம்பு, அதே குளத்துத் தண்ணீர். “கதிர் வந்தது, கதிருக்குள்ள சரக்கு இல்ல” என்றார். பாதிக்கு மேல் பதர். அந்த வருடக் கணக்கை வைத்து நெல்லினத்தின் மேல் பழி போட்டால் எவ்வளவு பிழையோ, நல்ல வருடத்தின் புகழ் முழுவதையும் விதைக்கே கொடுப்பதும் அவ்வளவு பிழை.

இதற்கு ஒரு நல்ல வழி உண்டு: ஒரே வருடம், ஒரே மாதிரி ஊர்கள், சிலருக்குப் புது விதை, சிலருக்குப் பழைய விதை, யாருக்கு எது என்பதைக் குலுக்கிப்போட்டுத் தீர்மானிப்பது. ஆள் பார்த்துக் கொடுத்தால் கெட்டிக்காரக் கமக்காரருக்கே விதை போய்ச் சேரும், பிறகு வித்தியாசம் விதையாலா ஆளாலா என்று தெரியாது. சுவர்ணா-சப்1ஐ ஒடிசாவில் இப்படித்தான் சோதித்தார்கள். வெள்ளம் நின்ற வயல்களில் புது விதை தெளிவாக முந்தியது. வெள்ளம் வராத வயல்களில் விளைச்சல் இழப்பு ஒன்றும் இல்லை. அங்கே தாழ்த்தப்பட்ட சாதியினரின் காணிகள்தான் பெரும்பாலும் பள்ளத்தில், வெள்ளம் நிற்கிற இடத்தில் இருந்தன. ஆகவே ஒப்பீட்டளவில் கூடிய நன்மை அவர்களுக்குப் போனது. ஒரு பரம்பரையலகுக்குச் சாதி தெரியாது. காணி எங்கே கிடக்கிறது என்பதற்குள் சாதி இருந்திருக்கிறது.

இன்னொன்றையும் பார்த்தார்கள், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். வெள்ளம் வந்தாலும் முழுதாக அழியாது என்ற நம்பிக்கை வந்ததும், புது விதை எடுத்தவர்கள் உரத்தைக் கூட்டிப் போட்டார்கள், கடன் எடுத்து வயலில் கூடுதலாகச் செலவழித்தார்கள். வெள்ளமே வராத வருடத்திலும் இதனால் பலன் கிடைத்தது. இப்படியான தாக்கத்தை 2006இல் அந்தக் கட்டுரையை எழுதியவர்கள் எதிர்பார்த்திருப்பார்களோ என்னவோ.

வயல் முந்தி, கட்டுரை பிந்தி

சப்-1ஏ கதையில் கட்டுரை முதலில், விதை பிறகு. எப்போதும் இந்த ஒழுங்கில்தான் நடக்கும் என்று நினைக்கக் கூடாது.

பழைய நெல்லினங்கள் உயரமானவை. உரம் போட்டால் இன்னும் உயர்ந்து, கதிர் பாரம் தாங்காமல் சாய்ந்து படுத்துவிடும். 1962இல் பீட்டர் ஜெனிங்ஸ் என்ற ஆராய்ச்சியாளர், இந்தோனேசியாவின் உயரமான பேட்டா என்ற நெல்லையும் தாய்வானின் குட்டையான டீ-ஜியோ-வூ-ஜென் என்ற நெல்லையும் கலந்தார். அதன் வழித்தோன்றல்களில் பீச்செல் தெரிந்தெடுத்ததுதான் 1966இல் வெளிவந்த ஐ.ஆர்.8. குட்டை, உறுதியான தாள், உரம் போட்டாலும் நிற்கும். ஆசியா முழுக்கப் பரவியது.

அது ஏன் குட்டை என்று அப்போது யாருக்கும் விபரமாகத் தெரியாது. வளர்ச்சி ஓமோனான ஜிபரெலினைச் செய்ய உதவும் ஒரு பரம்பரையலகில் ஒரு துண்டு இல்லாமற் போயிருப்பதே காரணம் என்று தெரிய 2002ஆம் ஆண்டு ஆனது. வயலுக்கும் கட்டுரைக்கும் இடையே 36 வருடம். தாக்கக் காரணியின் இரண்டு வருடக் கோலால் இதை எந்தப் பக்கத்தால் அளப்பது?

கறுப்பனுக்கு எத்தனை மேற்கோள்?

மாமா இந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வெள்ளம் தாங்கும் நெல்லைத் தேடி உலகத்து நெல்வகைகளைச் சோதித்தபோது தேறியவற்றில் எப்.ஆர்.13ஏ மட்டும் இருக்கவில்லை. இலங்கையிலிருந்து போனவையும் இருந்தன: தவளு, கொடஹீனட்டி, குர்க்கறுப்பன். மூன்றாவது பெயரின் முடிவைப் பாருங்கள். யாழ்ப்பாணத்து மொட்டைக்கறுப்பனை அறிந்தவர்களுக்கு இது எந்த மொழி பேசுகிறவர்கள் வைத்த பெயர் என்று சொல்லத் தேவையில்லை. ஏதோ ஒரு பள்ளக்காணியில் யாரோ ஒரு கமக்காரர், வெள்ளம் வடிந்த பிறகும் தப்பி நின்ற கதிரைப் பார்த்து அதை விதைக்கு எடுத்து வைத்திருக்கிறார். அவர் கட்டுரை எழுதவில்லை.

இலங்கையின் ரத்துஹீனட்டியும் இப்படித்தான். கபிலத் தத்தி என்ற பூச்சி, எங்கள் பேச்சில் அறக்கொட்டி, அடித்தால் வயல் வட்டம் வட்டமாகக் காய்ந்து எரிந்தது போல் ஆகிவிடும். ரத்துஹீனட்டி அதைத் தாங்கும். அதற்குக் காரணமான பி.பி.எச்.3 என்ற பரம்பரையலகுத் தொகுதியைச் சீன ஆராய்ச்சியாளர்கள் பிரித்தெடுத்து 2015இல் வெளியிட்டார்கள். மேற்கோள்கள் அந்தக் கட்டுரைக்குப் போகின்றன. ஆராய்ச்சியாளர்களைக் குறை சொல்லவில்லை. கடினமான வேலைதான் செய்திருக்கிறார்கள். எண்ணுகிற இயந்திரத்துக்குக் கட்டுரையைத்தான் தெரியும், விதைநெல்லைக் கட்டிவைத்த ஆச்சியைத் தெரியாது என்று மட்டும் சொல்கிறேன்.

உள்நாட்டிலும் மேற்கோளுக்கு அகப்படாத ஆட்கள் உண்டு. குருநாகல் மாவட்டத்தின் பத்தலகொடை நிலையத்தில் ஹெக்டர் வீரரத்ன உருவாக்கிய எச்-4 நெல் 1958இல் வெளிவந்தது. அதன் பெற்றோரில் ஒன்று ‘முருங்கைக்காயன்’ என்ற எங்கள் நாட்டு நெல், மற்றது இந்தோனேசியாவின் மாஸ். ஐ.ஆர்.8 வருவதற்கு எட்டு வருடம் முந்திய கதை இது. இன்றைக்கும் பிஜி என்று தொடங்கும் எண்ணைச் சொல்லி விதைநெல் கேட்கிறோமே, அந்த பிஜி பத்தலகொடையின் சுருக்கம். ஏடி என்றால் அம்பலாந்தோட்டை. எங்கள் வரம்பில் நின்று அந்த எண்களைச் சொல்கிற எத்தனை பேருக்கு அதைச் செய்தவரின் பெயர் தெரியும்? எனக்கே பேரன் சொல்லித்தான் தெரியும்.

மாமாவின் கணக்கு

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாமா ஒரு கேள்வி கேட்டார்.

“பதினாலு நாள் மூச்சடக்கும், சரி. எந்தப் பருவத்தில?”

பயிர் இளசாக, பச்சையாக நிற்கும் பருவத்தில்தான் என்றேன். முழுதாக மூழ்கி, இரண்டு கிழமைக்குள் வடிகிற வெள்ளத்துக்குத்தான் சப்-1ஏ. மாதக்கணக்கில் அரைவாசி உயரத்துக்கு நிற்கிற தண்ணீருக்கு அது மருந்தில்லை. பூக்கிற நேரத்து வெள்ளத்துக்கும் இல்லை.

“2011இல எங்களுக்கு வெள்ளம் எப்ப வந்தது? தை பிறக்கேக்க. குடலையும் கதிரும். பிறகு மாசியிலயும் வந்தது. அப்ப உந்த நெல்லை விதைச்சிருந்தாலும் போனதுதான்.”

சரிதான். அதே பரம்பரையலகு, அதே மேற்கோள்கள். ஒடிசாவின் பள்ளக்காணிக்கு ஒரு தாக்கம், பெரும்போகப் பயிர் கதிர் தள்ளும் நேரத்தில் வான் பாய்கிற தம்பலகாமத்துக்கு வேறொரு தாக்கம். ஐப்பசி, கார்த்திகையில் விதைத்துக் கொஞ்ச நாளில் மூழ்கினால் அது உதவும், தைக்கு உதவாது என்று பேரன் சொன்னான். மாமா தலையாட்டினார்.

“பூக்கிற நேரத்து வெள்ளத்துக்கு ஆரும் பார்க்கினமோ?”

பேரன் கைப்பேசியை எடுத்துத் தேடத் தொடங்கினான். மாமா காத்திருக்கவில்லை. பின்னேரம் துருசைப் பாதி பூட்டப்போவதாக வட்டவிதானை காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்; கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு படலையைத் திறந்தார்.